பால்மா ரின்னில் முளைத்த தேசி

2016 மே மாத நடுப்பகுதியில் களனி கங்கை கரைமீறிப் பாய்ந்து, கொலன்னாவை, வெல்லம்பிட்டி, களனிப் பகுதிகளில் நாட்கணக்காக நீர் நின்றது பலருக்கு ஞாபகமிருக்கும். நீர் வடிந்த கையோடு உலருணவுப் பொதிகளுடன் ஓர் ஒழுங்கைக்குள் போனோம். கடைசி வீட்டின் உள்ளே மெத்தையும் அலுமாரியும் சேற்றில் கிடந்தன. வீட்டுக்கார அம்மாவோ பின்வளவில் குந்தியிருந்து, ஒரு தேசிமரத்தின் அடியிலிருந்து சேற்றைச் சிரட்டையால் வழித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, முதல்ல வீட்டைப் பாருங்கோவன்" என்றேன்.

"வீடு வாடகை வீடு பாதர். மரம் என்ரை" என்றார்.

அந்த மரத்தின் கதையை அன்று முழுவதுமாகக் கேட்க நேரமிருக்கவில்லை. பிறகு போய்க் கேட்டேன். விதையிலிருந்து தேசி, தோடை வளர்ப்பதைப் பற்றி எழுதும்படி வாசகர் பலர் கேட்டிருக்கிறீர்கள். "சும்மா ஒரு கொட்டையைப் புதைத்தால் மரம் வருமா, வந்தால் காய்க்குமா, காய்த்தாலும் நல்ல காயா?" என்பதே எல்லாரும் கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இந்த அம்மாவின் மரத்தை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அவர் தெல்லிப்பழைப் பக்கத்தவர். வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம். கிணற்றடியில் ஒரு தேசி நின்றது. 1990 ஜூனில் எழும்பியவர்கள் மானிப்பாயில் ஐந்து வருடம் இருந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நடந்தபோது அவர்களும் நடந்து சாவகச்சேரிக்குப் போனார்கள். பிறகு வவுனியா, அதன் பிறகு கொழும்பு. கொழும்புக்குள்ளும் மூன்று இடம். வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸ், அங்கே வாடகை ஏறக் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறை, அதுவும் ஏறக் களனி.

சாவகச்சேரியில் கலியாணம் செய்த தங்கை, 1990 க்கு முன்னரே அக்கா வீட்டுத் தேசியின் விதைக்கன்று ஒன்றைக் கொண்டுபோய்த் தன் வளவில் நட்டிருந்தார். 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரம் அழிந்தபோதும் அந்த மரம் தப்பி நின்றது. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும் தங்கையின் மகன் ஒரு பையில் தேசிக்காய் கொண்டு கொழும்புக்கு வந்தான். கொட்டாஞ்சேனை அறையில் அதைப் பிழிந்து குடித்துவிட்டு, கொட்டைகளை ஒரு பால்மா ரின்னில் போட்டார் அம்மா. களனிக்கு மாறியபோது ரின்னும் கூடவே போனது. 2004 இல் நிலத்தில் இறங்கிய கன்று 2007 இல் பூத்தது. விதையிலிருந்து ஐந்து வருடம்.

"ஊர்த் தேசியின்ரை மணம்தான் பாதர், அதே மணம்" என்றார். நான் அதை ஊர் ஏக்கம் என்றே நினைத்தேன். ஆனால் தாவரவியல் அவர் பக்கம்தான் நிற்கிறது.

ஒரு கொட்டைக்குள் பல கன்றுகள்

மாங்கொட்டையைப் புதைத்தால் தாய்மரத்தின் பழம் கிடைக்கும் என்று பெரும்பாலும் நம்பமுடியாது என்பது உங்களுக்குத் தெரியும். தேசி வகையில் நிலைமை வேறு. 1719 இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரியான லீவென்ஹூக், தாமே தேய்த்துச் செய்த உருப்பெருக்கி வில்லைகளால் தோடம் விதையைப் பார்த்து, ஒரு விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முளையங்கள் இருப்பதைக் கண்டார். பிந்தியவர்கள் அதன் காரணத்தை விளக்கினார்கள். ஒரு முளையம் மகரந்தச் சேர்க்கையால் உண்டாவது. அதற்குத் தாயும் தகப்பனும் உண்டு. மற்றவை தாய்மரத்தின் சொந்த இழையத்திலிருந்தே விதைக்குள் அரும்புபவை. அவற்றுக்குத் தகப்பன் இல்லை. அப்படி அரும்பும் கன்று தாய்மரத்தின் மறுபிறப்பு என்றே சொல்லலாம். ஒட்டுக் கட்டினால் என்ன கிடைக்குமோ அதையே விதை தானாகச் செய்து தருகிறது.

ஆகவே தெல்லிப்பழைக் கிணற்றடி மரம், சாவகச்சேரி மரம், களனி மரம் மூன்றும் பெரும்பாலும் ஒரே மரம். இடம்தான் மூன்று.

எல்லா இனத்திலும் இப்படி நடப்பதில்லை. தேசி, தோடை, பல வகை நாரத்தைகள் இவ்விதம் பல முளையம் தருபவை. பம்பளிமாஸ் (சிங்களத்தில் ஜம்போல) அப்படியல்ல. அதன் விதையில் ஒரே முளையம், அதுவும் கலப்பில் வந்தது. பம்பளிமாசை விதையில் வளர்த்தால் இனிப்போ கைப்போ, காய்த்த பிறகுதான் தெரியும். எட்டு வருடம் காத்திருந்து கைப்புப் பழம் கண்டவர்கள் உண்டு. அதற்கு ஒட்டுக்கன்றோ பதிவைத்த கன்றோதான் நல்லது.

இடையில் ஒரு சின்ன விடயம். நாங்கள் தேசி என்பதைச் சிங்கள அயலவர் தெஹி என்கிறார்கள். எங்கள் தோடை அவர்களுக்குத் தொடம். நாரத்தை அவர்களுக்கு நாரங். (தமிழ்நாட்டில் எலுமிச்சை என்பது எங்கள் தேசியைத்தான்.) களனிச் சந்தையில் பாஷை தெரியாமல் நின்ற அம்மா முதன்முதல் பேரம் பேசியது தேசிக்காய்க்குத்தானாம்.

விதை எடுப்பதில் இருக்கிறது பாதி வேலை

எந்த மரத்தின் பழம் என்று தெரிந்து எடுப்பதே முதல் விதி. தாய்மரத்தின் குணம்தான் வரப்போகிறது என்றால், பத்து வருடமாவது காய்த்த, நோயில்லாத, சாறு நிறைந்த காய் தருகிற மரத்தைத் தேடுங்கள். வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கும் காய் எந்த மரத்தினது என்று விற்பவருக்கே தெரியாது. வேறு வழியில்லாவிட்டால் அதையும் போடலாம். ஆனால் ஒரே காயின் விதைகளை நம்பாமல் நாலைந்து காயிலிருந்து எடுங்கள். காலி வீதிக் கடைகளில் செம்மஞ்சள் நிறத்தில் அடுக்கியிருக்கும் இறக்குமதித் தோடம்பழத்தின் கொட்டையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அவை குளிர்காலம் உள்ள நாடுகளுக்கான இனங்கள். மொனறாகலை மாவட்டத்துப் பிபிலையின் பெயரைக் கொண்ட எங்கள் பிபிலைத் தோடை பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். இரவுக் குளிர் இல்லாத இடத்தில் தோடந்தோல் நிறம் மாறுவதில்லை. நிறத்தைப் பாராமல் கையில் பாரத்தைப் பாருங்கள்.

காய் நன்றாக மஞ்சளாகப் பழுத்திருக்க வேண்டும். கத்தியை நடுவில் பாய்ச்சினால் கொட்டை வெட்டுப்படும். தோலைச் சுற்றிவர மட்டும் கீறி, இரண்டு கையாலும் திருகிப் பிளக்க வேண்டும். கொட்டைகளைத் தண்ணீரில் போட்டுக் கசக்கி வழுவழுப்பு முழுவதும் போகக் கழுவுங்கள். மிதப்பதை எறியுங்கள். பிறகு நிழலில் ஒரு துணியில் பரப்பி, மேல் ஈரம் போனதும் அன்றைக்கே விதைத்துவிடுங்கள்.

இங்கேதான் எம்மவர் அதிகம் பிழை விடுகிறார்கள். மிளகாய் விதை, கத்தரி விதை காயவைத்துப் பழகிய கை, தேசிக் கொட்டையையும் முற்றத்து வெயிலில் காயப்போட்டுப் போத்தலில் அடைக்கிறது. காய்ந்த தேசி விதை பெரும்பாலும் செத்த விதை. உடனே விதைக்க முடியாவிட்டால், கழுவிய கொட்டையை ஈரமான துணியில் சுற்றி, சிறு பொலித்தீன் பையில் இட்டு, குளிரூட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஐஸ் உறையும் தட்டில் வைக்கக் கூடாது. இப்படிச் சில வாரங்கள் தாராளமாகத் தாங்கும். பூஞ்சணம் பிடிக்கிறதா என்று இடைக்கிடை பார்க்க வேண்டும்.

பாத்திரத்துக்குப் பால்மா ரின், பெயின்ற் வாளி, உரப்பையின் கீழ்ப்பாதி எதுவும் போதும். அடியில் ஆணியால் ஏழெட்டுத் துளை அவசியம். மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்கு உக்கிய மாட்டெரு ஒரு பங்கு. மாட்டெருவுக்குக் கொழும்பில் எங்கே போவது என்பீர்கள்; கழுவிய தும்புத்தூளும் சமையற்கழிவுக் கூட்டெருவும் சரிபாதியாகச் சேர்த்தாலும் சரி. விதையை அரை அங்குலத்துக்குக் கூடுதலாகத் தாழ்க்க வேண்டாம். மேலே ஈரச்சாக்கைப் போட்டு, முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் முளைப்பதும் உண்டு, நான்கு வாரம் எடுப்பதும் உண்டு.

ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். பயப்பட வேண்டாம், லீவென்ஹூக் கண்டது அதைத்தான். நான்கு இலை விட்டபின் கன்றுகள் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை இலை வடிவிலும் உயரத்திலும் ஒரே மாதிரி இருக்கும். அவைதான் தாயின் சாயல். கூட்டத்தோடு ஒத்துப்போகாத கன்றை, அது நோஞ்சானாக இருந்தாலும் சரி, மற்றவற்றை மீறி வளர்ந்தாலும் சரி, விலக்கிவிடுங்கள். கலப்பில் வந்தது அதுவாக இருக்கக்கூடும். வெற்றியாகத் தெரிகிற கன்றைப் பிடுங்கி எறிய மனம் வராது என்பது எனக்குத் தெரியும். இடமுள்ளவர் அதைத் தனியே ஒரு மூலையில் நட்டுப் பார்க்கலாம். மாடி வீட்டில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். தேசிக் கன்றின் இலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் அது எச்சமல்ல, வண்ணாத்திப்பூச்சியின் மயிர்க்கொட்டி இனத்துப் புழு. வளர்ந்தால் பச்சையாகும், தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் கொம்பு நீட்டி நாறும். சாணுயரக் கன்றை இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும். மருந்து வேண்டாம், கையால் எடுத்தால் போதும். இலைக்குள் வெள்ளிக்கோடு கிழித்ததுபோல் இருந்தால் அது இலைச் சுரங்கப் பூச்சி. கன்றின் அழகு கெடும், ஆனால் சாகாது. அந்தக் கீறல் வழியாகச் சொறிநோய்ப் பற்றீரியா நுழைவதால், மோசமான இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள்.

எத்தனை வருடம்?

இதில் பொய் சொல்லக் கூடாது. விதைத் தேசி நிலத்தில் நன்றாக வளர்ந்தால் நான்கு, ஐந்து வருடத்தில் பூக்கும். விதைத்தோடைக்கு ஏழெட்டு வருடம், சிலவேளை அதற்கும் மேல். முள்ளும் கூடுதலாக இருக்கும். காரணம், விதையிலிருந்து வரும் மரம் தன் குழந்தைப் பருவத்தைக் கடக்க வேண்டும். கிளையில் கணுமேல் கணுவாகக் குறித்த அளவு வளர்ந்தால்தான் பூக்கும் வயது வரும். அடிக்கடி நுனியை வெட்டினால் அந்த வயது தள்ளிப்போகும். சிறிய ரின்னில் வேர் சுருண்டு நிற்கும் கன்றும் அப்படித்தான். வெள்ளவத்தை மாடியின் பல்கனியில், கடற்காற்றின் உப்பில், பத்து வருடம் நின்றும் பூக்காத தேசியை நான் பார்த்திருக்கிறேன். தேசி உப்பைத் தாங்காது, இலைநுனி கருகும். அங்கே இலையை மோருக்குக் கிள்ளிப் போடலாம், அவ்வளவுதான்.

அவசரமாகக் காய் வேண்டுமென்றால் குறுக்குவழி அரும்பொட்டுத்தான். விதைக்கன்று பென்சில் தடிப்பு வந்ததும், காய்த்துக்கொண்டிருக்கும் நல்ல மரத்தின் அரும்பொன்றை அதில் பதித்தால், அந்த அரும்பு ஏற்கனவே வயதுக்கு வந்ததாகையால் இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும். விதைக்கன்று அப்போது ஒட்டுக்கட்டையாகிறது.

அப்படியானால் ஏன் எல்லாரும் ஒட்டுக்கே போகவில்லை? தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் எலுமிச்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி இன்றும் விதைக்கன்றுகளே. விதைத்தேசிக்கு ஆணிவேர் ஆழம் போகும், ஆயுள் கூட, செலவு இல்லை. தோடைக்கு நிலைமை வேறு. 1840 கள் அளவில் அத்திலாந்திக் சமுத்திரத்து அசோர்ஸ் தீவுகளில் விதையில் வளர்ந்த தோடை மரங்கள் அடிமரம் அழுகிச் செத்தன. ஈரமண்ணில் வாழும் ஒரு பங்கசின் வேலை அது. அதன்பின்தான் அதைத் தாங்கும் புளித்தோடையில் ஒட்டும் வழக்கம் உலகமெங்கும் பரவியது. நூறு வருடம் கழியவில்லை, 1937 முதல் பிறேசிலில் அந்தப் புளித்தோடைக் கட்டையில் ஒட்டிய மரங்கள் லட்சக்கணக்கில் பட்டன. அழுக்கணவன் காவிய வைரசு நோய் அது. விவசாயிகள் அதற்குத் துயரம் என்று பொருள்படும் தங்கள் பாஷைச் சொல்லையே பெயராக வைத்தார்கள்: திரிஸ்தேசா. அந்த வைரசு எங்கள் தேசியையும் நேரடியாகத் தாக்கக்கூடியது.

இந்த இடத்தில் விதை மறுபடியும் கதைக்குள் வருகிறது. திரிஸ்தேசா வைரசு ஒட்டு வழியாகப் பரவும், பூச்சி வழியாகப் பரவும். விதை வழியாகப் பரவுவதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒட்டிக் கட்டி நோய் சேர்ந்துபோன இனங்களைச் சுத்தமாக்க, கலிபோர்னியாவின் றிவர்சைட் ஆராய்ச்சி நிலையத்தில் ஃபுறொஸ்ற் என்ற அறிஞர் செய்தது, அதே இனத்தின் விதையைப் போட்டுத் தாயின் சாயலான கன்றுகளைப் பொறுக்கி எடுத்ததுதான். பால்மா ரின்னில் அம்மா செய்ததும் அந்த வேலைதான்.

நான் விட்ட பிழை

2011 இல், மீள்குடியேறிய ஒரு கிராமத்துக்குத் தெற்கிலிருந்து ஒரு லொறி நிறைய ஒட்டுத்தோடங்கன்றுகள் கொண்டுபோனோம். எந்தத் தவறணையில் வாங்கியது என்பது இங்கு தேவையில்லை; பார்த்து வாங்காதது நான். வீட்டுக்கு நான்கு கன்று. கிணறு துப்புரவாக்காத காலம் அது. பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். மூன்றாம் வருடம் இலைகள் மஞ்சளித்தன. நான் பசளைக் குறை என்று சொல்லி, ஒரு வருடம் எரு போடவைத்தேன். காய்த்த ஒன்றிரண்டு காயும் கோணலாக, சிறுத்து, பழுத்தும் அடிப்பக்கம் பச்சையாகவே நின்றன. விவசாயப் போதனாசிரியர் ஒருவர் வந்து பார்த்தார்.

"பாதர், இது எருவால மாறாது. பிடுங்கி எரியுங்கோ" என்றார்.

அறிகுறிகள் எல்லாம் பச்சையாதல் நோயினுடையவை. இந்த நோய் இலங்கையிலும் உண்டு, மருந்து இல்லை. ஒருவகைப் பற்றீரியா மரத்தின் உணவு செல்லும் குழாய்களை அடைக்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2005 இல் இது கண்டுபிடிக்கப்பட்டது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி தோடம்பழம் எடுத்த அந்த மாநிலம், 2022-23 இல் இரண்டு கோடிப் பெட்டியைக்கூட எட்டவில்லை. பணமும் விஞ்ஞானமும் நிறைந்த இடத்தின் நிலை அது. குடத்தில் தண்ணீர் சுமந்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

பசளைக் குறையையும் இந்த நோயையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. இலையின் நடுநரம்பை வைத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். நாகமோ இரும்போ குறைந்தால் மஞ்சள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இந்த நோயில் இடப்பக்கம் ஒருவிதமாகவும் வலப்பக்கம் வேறுவிதமாகவும் திட்டுத்திட்டாக இருக்கும். சந்தேகம் என்றால் கிளையொன்றைப் படமெடுத்து விவசாயத் திணைக்களத்து உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். யாழ்ப்பாணத்தவருக்குத் திருநெல்வேலி இருக்கிறது, கொழும்புப் பக்கத்தவருக்கு ஹொரணையில் பழப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

நோயைக் காவுவது எள்ளளவான ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி. அதற்குக் கறிவேப்பிலையும் பிடிக்கும். வேலியோரம் வெள்ளைப்பூப் பூக்கும் எத்தேரியாவும் பிடிக்கும். இவை எல்லாம் ஒரே குடும்பத்துத் தாவரங்கள். எங்கள் வளவுகளில் கறிவேப்பிலையும் தேசியும் கிணற்றடியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான் வழக்கம். கறிவேப்பிலையை வெட்டச் சொல்லவில்லை. இளந்தளிரை அடிக்கடி கறிக்கு ஒடித்தாலே பூச்சி முட்டையிட இடம் குறையும். ஆனால் கொழும்பிலிருந்து ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் கறிவேப்பிலைக் கன்றும் தேசிக் கன்றும் கட்டிக்கொண்டு போவதை நிறுத்துங்கள். ஊரிலிருந்து இங்கு கொண்டுவருவதும் அப்படியே. கன்றோடு பூச்சியும் போகும், நோயும் போகும். விதையோடு அந்தப் பயம் இல்லை. இந்த நோய் விதை வழியாகப் பரவுவதாக நிலைநாட்டப்படவில்லை. காயாகக் கொண்டுபோகாமல், இங்கேயே பிளந்து, தோலையும் இலையையும் விட்டுவிட்டு, கழுவிய கொட்டையை மட்டும் கொண்டுபோங்கள். தோலில் சொறிநோய் இருந்தாலும் இங்கேயே நின்றுவிடும்.

வெள்ளத்துக்குப் பின்

களனி மரத்துக்கு வருவோம். அடியில் நின்ற சேற்றுநீர் அதன் பட்டையைப் பிடித்திருந்தது. அசோர்ஸ் தீவில் வந்த அதே வகைப் பங்கசு எங்கள் மண்ணிலும் உண்டு. நிலமட்டத்தில் பட்டை வெடித்துப் பிசின் வடிந்தது. அம்மா சேற்றை வழித்தது சரியான வேலை. பட்டைக்குக் காற்றுப் பட வேண்டும். நானும் அழுகிய பட்டையைச் சீவி போர்டோக் கலவை பூசிப் பார்த்தேன். 2017 இல் மரம் பட்டுவிட்டது. ஆனால் அந்த மரம் சாகும் முன் ஒருமுறை எக்கச்சக்கமாகக் காய்த்தது. அடிப்பட்டை அறுபட்ட மரங்கள் சில அப்படிக் காய்ப்பதுண்டு. அம்மா பழுத்ததில் நல்லதாக இருபது காய் பொறுக்கி விதை போட்டார். மறுபடியும் பால்மா ரின்தான்.

2018 இல் தெல்லிப்பழைப் பக்கத்தில் அவர்களின் காணியும் விடுபட்ட பகுதிக்குள் வந்தது. இருபத்தெட்டு வருடம். போய்ப் பார்த்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. கிணற்றை வைத்தே தங்கள் நிலம் எது என்று கண்டார்கள். கிணற்றடித் தேசி நின்ற இடத்தில் பற்றைக்காடு.

அம்மா களனி ரின்களை லொறியில் ஏற்றப்போவதாகச் சொன்னார். 2011 ஐச் சொல்லி நான் தடுத்தேன். முகம் வாடிப்போனது. பதினைந்து வருடம் வளர்த்த மரத்தின் கன்றுகள். அவற்றை விட்டுப் போ என்று சொல்ல நான் யார்? ஆனால் ஒரு ரின்னில் இலை திட்டுத்திட்டாக இருந்ததை அவரே காட்டினார். அது என்ன என்று அன்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் வேண்டாம் என்றேன். சாவகச்சேரித் தங்கையின் மரம் இன்னும் நின்றது. அதன் காயை அங்கேயே பிளந்து, கொட்டையை ஈரத்துணியில் சுற்றி, ஒரு தயிர்க் கோப்பைக்குள் வைத்துத் தெல்லிப்பழைக்குக் கொண்டுபோகும்படி சொன்னேன். ஒரு மணித்தியாலப் பயணம்.

அப்படியே செய்தார். ஊரில் நடும் முறையில் மட்டும் சில மாற்றம். வலிகாமத்துச் செம்மண்ணின் கீழ் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீரும் கடினம். கொழும்பின் புளித்த கபுக் மண்ணில் வளர்ந்த பழக்கத்தில், இலை மஞ்சளித்ததும் சாம்பலைக் கொட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். சுண்ண மண்ணில் இரும்பும் நாகமும் வேருக்கு எட்டுவதில்லை. உக்கிய எருவும் இலைகுழை மூடுபடையும்தான் அங்கே மருந்து. இரண்டடிக் குழி, மரத்துக்கு மரம் பதினைந்து அடி, கன்றின் கழுத்து நிலமட்டத்துக்கு மேலே. கிணற்றடிக் குளிப்புத் தண்ணீர் மரத்துக்குப் போகலாம்; அடிமரத்தைத் தொட்டு நிற்கக் கூடாது. அடியைச் சுற்றி ஒரு மண்ணணையும் அதற்கு வெளியே தண்ணீர் வாய்க்காலும் போதும்.

வாசகரில் பலர் இன்னும் வாடகை வீட்டில் அல்லது இன்னொருவர் வளவில் இருக்கிறீர்கள். வலிகாமம் வடக்கில் எல்லாக் காணியும் இன்னும் விடுபட்டுவிடவில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பலருக்குப் புத்தளத்தில் நட்ட மரங்களே முப்பது வயதைக் கடந்துவிட்டன. "நாளைக்கு எழும்பிப் போகிறவன் ஏன் மரம் நட?" என்று கேட்பது நியாயமான கேள்வி. 1996 இல் வெள்ளவத்தையில் அந்த அம்மாவும் அதைக் கேட்டுத்தான் ஆறு வருடம் ஒன்றும் நடாமல் இருந்தார். பிறகு ஒரு நாள் கணக்குப் பார்த்தாராம்: தேசிக்கு ஐந்து வருடம், எழும்பியோ பன்னிரண்டு வருடம்.

வீட்டுக்காரரோடு முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நிலத்தில் இறக்கிய மரம் போகும்போது அவருக்கே என்பதை ஒப்புக்கொண்டால் பிரச்சினை வராது. களனி வீட்டுக்காரர் ஒரு சிங்களவர். மரம் பட்டபோது அவர்தான் அதிகம் கவலைப்பட்டார். அம்மா விட்டுப்போன ரின்களில் நல்லதாக இருந்த இரண்டை அவர் அதே பின்வளவில், இம்முறை மண்ணைக் கூட்டி உயர்த்தி நட்டிருக்கிறார்.

தெல்லிப்பழைத் தேசி இப்போது காய்க்கிறது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் பேத்திக்கு அம்மா காய் அனுப்புவதில்லை; தயிர்க் கோப்பையில் விதைதான் அனுப்புகிறார். அண்மையில் பேத்தி தொலைபேசியில் கேட்டாள்: "பாதர், ஒரு கொட்டையில மூண்டு முளைச்சிருக்கு. ரெண்டு ஒரே மாதிரி, மற்றது நெடுநெடு எண்டு வளருது. எதைப் பிடுங்க?"

நெடுநெடுவென்று வளர்ந்ததைப் பிடுங்கச் சொன்னேன். அவள் இன்னும் பிடுங்கவில்லை என்று கேள்வி.